பிரௌனியின் நீர்க்கணக்கு

இந்தியாவில் கோகோ முதலில் எங்கே நடப்பட்டது என்று கேட்டால் பலர் கேரளம் என்பார்கள். தோப்பு துரவு வைத்திருப்பவர்கள் பொள்ளாச்சி என்பார்கள். உண்மையில் அது குற்றாலம். 1798-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அம்போய்னா தீவிலிருந்து 8 கோகோச் செடிகளைக் கொண்டுவந்து இங்கே வைத்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான், 1796-இல், அந்தத் தீவை ஆங்கிலேயர் டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்திருந்தார்கள். கிராம்பும் ஜாதிக்காயும் டச்சுக்காரர்கள் நெடுநாள் பொத்திப் பொத்தி வைத்திருந்த சரக்கு. தீவு கைமாறியதும் கன்றுகள் கப்பலேறின. வந்த கன்றுகளை வளர்க்க மழையும் நிழலும் ஈரக்காற்றும் உள்ள ஓர் இடம் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே உள்ளே புகுந்து சாரலாக இறங்கும் குற்றாலம் அதற்குத் தோதாக அமைந்தது.

அந்த 8 செடிகளும் கிரியோலோ இனம். மணத்தில் கோகோவிலேயே உசத்தி, வளர்ப்பதில் படு சிரமம். கோகோ மரம் நிலநடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் 20 பாகைக்குள்தான் வாழும். குற்றாலம் ஏறத்தாழ 9 பாகையில் இருப்பதால் அந்தக் குறை இல்லை. இருந்தும் கோகோ இங்கே வணிகப் பயிராகத் தலையெடுக்கவில்லை. இந்தியாவில் அது பணப்பயிரானது 1960-களுக்குப் பிறகு, கேரளத்தில். அப்போது பரவியதும் பெரும்பாலும் ஃபொரஸ்டெரோ என்ற முரட்டு இனம். அதே கீழைக்கடல் பக்கத்து மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும் குற்றாலத்துப் பழக்கடைகளில் சீசன்தோறும் குவிகின்றன. கோகோவுக்கு மட்டும் அந்த யோகம் வாய்க்கவில்லை.

குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவில் இருக்கிறது மேலகரம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். அவர் காலம் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி என்பதால் அவர் சொன்ன மலைவளத்தில் கோகோவைத் தேடிப் பிரயோஜனம் இல்லை. இன்று அந்த ஊர்ச் சமையலறைகளுக்குக் கோகோ வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கிறது: கால் கிலோ பாக்கெட்டில், தென்காசிக் கடைகளிலிருந்து, பிரௌனி செய்வதற்காக. பிறந்தநாளுக்கு ஆர்டர் எடுத்து வீட்டிலேயே கேக் செய்யும் பெண்கள் இந்தப் பக்கத்தில் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அவர்கள் கையில் பிரௌனி ஒரு முக்கியமான சரக்கு. க்ரீம் பூச வேண்டாம், அலங்காரம் வேண்டாம், பஸ்ஸில் கொடுத்துவிட்டாலும் சிதையாது.

பிரௌனிக்குக் கொஞ்சம் காப்பி சேர்த்தால் ருசி கூடும் என்று எல்லாச் செய்முறையும் சொல்லும். நம் வீட்டில் காப்பி என்றால் கை தானாகப் போவது ஃபில்டரின் அடிப்பாத்திரத்துக்கு. காலையில் இறங்கிய டிகாஷன் கெட்டியாக, கறுப்பாக இருக்கிறது. கால் டம்ளர் ஊற்றினால் என்ன குடி முழுகிவிடும்? பிரௌனியைப் பொறுத்தவரை முழுகித்தான் போகும். வெந்து வருவது பிரௌனியாக இருக்காது, சாக்லேட் கேக்காக இருக்கும். அது ஏன் என்பதற்குள் போகுமுன், காப்பியை எதற்குச் சேர்க்கிறோம் என்பதைப் பார்த்துவிடலாம்.

மரத்திலிருந்து பறித்த கோகோக் காயை உடைத்தால் உள்ளே வெள்ளைச் சதை பொதிந்த விதைகள் இருக்கும். சதை இனிப்பும் புளிப்புமாக, சீதாப்பழச் சாயலில் இருக்கும். விதையைக் கடித்தால் வாய் துவர்த்துப்போகும். சாக்லேட் வாசனை மருந்துக்கும் இருக்காது. அந்த விதைகளைச் சதையோடு குவித்து மூடி ஐந்தாறு நாள் நொதிக்க விடுகிறார்கள். முதலில் ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்கும். பிறகு அசிட்டிக் அமில பாக்டீரியா அந்தச் சாராயத்தைக் காடியாக்கும். அந்த வேலையில் குவியலின் சூடு 45 முதல் 50 செல்சியஸ் வரை ஏறி, அமிலமும் உள்ளே இறங்க, விதையின் முளை செத்துப்போகிறது. உயிர் போன விதைக்குள் தடுப்புச் சுவர்கள் உடைகின்றன. புரதம் அமினோ அமிலங்களாகவும், சுக்ரோஸ் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் அறுபடுகின்றன. பிறகு வெயிலில் காயவைத்து வறுக்கும்போது அமினோ அமிலமும் சர்க்கரையும் ஒன்றோடொன்று வினைபுரிகின்றன. 1912-இல் பிரெஞ்சுக்காரர் லூயி கமில் மயார் எழுதிவைத்த வினை இது. தோசை முறுகுவதும், நெய் காய்ச்சும்போது கசடு சிவப்பதும் இதே வினைதான்.

இதிலிருந்து பிறக்கும் வாசனைகளில் இரண்டு கூட்டத்தை மட்டும் சொல்கிறேன். ஒன்று பைரசின்கள்: வறுத்த கடலை, வறுத்த உளுந்து வாசனைக்காரர்கள். இன்னொன்று ஆல்டிஹைடுகள். லியூசின் என்ற அமினோ அமிலம் சிதைந்து 3-மெத்தில்பியூட்டனால் என்ற ஒன்றைத் தரும். தனியாக முகர்ந்தால் மால்ட் கலந்த பால்மாவு நினைவுக்கு வரும். ஃபினைல்அலனின் சிதைந்தால் தேன் வாசனை. இவையெல்லாம் கூடித்தான் நம் மூக்கில் ‘சாக்லேட்’ என்று பதிகிறது. சாக்லேட் வாசனை என்று ஒரே ஒரு மூலக்கூறு கிடையாது.

காப்பிக்கொட்டையும் இதே பாதையில் வந்ததுதான். பச்சைக் கொட்டைக்கு வாசனை கிடையாது, காய்ந்த பயறு போல இருக்கும். 200 செல்சியஸைத் தாண்டி வறுக்கும்போது அதே மயார் வினை, அதே பைரசின்கள், அதே 3-மெத்தில்பியூட்டனால். கூடவே காப்பிக்கே உரிய சில சரக்குகள்: புகைவாடை தரும் குவாயகால், பிறகு கந்தகம் கலந்த 2-ஃபர்ஃபியூரைல்தயால். புதிதாக அரைத்த காப்பித்தூள் கடையைத் தாண்டும்போது நம்மைத் திரும்பிப் பார்க்கவைப்பதில் இந்தத் தயாலுக்குப் பெரிய பங்கு உண்டு. தண்ணீரில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும்.

கோகோவில் இருக்கும் வறுத்த வாசனைகளில் ஒரு பகுதி காப்பியிலும் இருக்கிறது, பல மடங்கு அழுத்தமாக. அளவாகச் சேர்த்தால் பொதுவாக இருப்பவை ஒன்றுக்கொன்று கைகொடுத்து நிற்கும். காப்பிக்கே உரியவை கோகோவுக்குப் பின்னால் பதுங்கிக்கொள்ளும். சாப்பிடுகிறவருக்குக் காப்பி தெரியாது, சாக்லேட் மட்டும் ஒரு படி கூடியது போல் தெரியும். இப்படிச் செய்த துண்டைப் பக்கத்து வீட்டு அத்தைக்குக் கொடுத்தபோது அவர் முகர்ந்துவிட்டு, “காப்பி போட்டேன்னு சொன்ன, வாசமே வரலையே?” என்றார். “சாக்லேட் வாசம் நல்லா வருதுல்லா அத்தை?” என்றேன். “அது வருது” என்றார். அளவு சரி என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. அளவு மீறினால் தயாலும் குவாயகாலும் முன்னால் வந்துவிடும், அப்போது அது மோக்கா பிரௌனி. அதுவும் நல்ல பண்டம்தான்; ஆனால் வேறு பண்டம்.

கசப்பும் இதில் சேர்த்தி. காப்பிக் கசப்பு என்றால் காஃபீன் என்று நினைக்கிறோம். மியூனிக்கைச் சேர்ந்த தாமஸ் ஹோஃப்மான் குழு கணக்குப் பார்த்ததில் காஃபீனின் பங்கு சுமார் 15 விழுக்காடுதான். மீதிக் கசப்பு குளோரோஜெனிக் அமிலம் வறுபடும்போது உண்டாகும் லாக்டோன்களிலிருந்தும், இன்னும் கறுக்க வறுத்தால் அவை சிதைந்து வரும் ஃபினைலிண்டேன்களிலிருந்தும் வருகிறது. கோகோவின் கசப்புக்குத் தியோபுரோமின் ஒரு காரணம். பிரௌனியில் சர்க்கரை ஏராளம். கசப்பு இனிப்பைக் கொஞ்சம் அடக்கும், இனிப்பு கசப்பை அடக்கும், ஒரு சிட்டிகை உப்பு கசப்பின் முனையை மழுக்கும். காப்பி சேர்த்த பிரௌனி திகட்டாமல் இரண்டாவது துண்டுக்குக் கை நீள்வது இதனால்தான்.

நம்மூர்க் காப்பியில் இன்னொரு ஆள் இருக்கிறார், சிக்கரி. காப்பி-சிக்கரிக் கலவை என்று விற்கும் தூளில் காப்பி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டம். மீதி 49 வரை சிக்கரி இருக்கலாம். சிக்கரி ஒரு கிழங்கு. அதிலுள்ள இனுலினை வறுத்தால் அது ஃபிரக்டோஸாக உடைந்து, சிவந்து, கருகிய சர்க்கரை வாசனை தரும். காஃபீன் துளியும் இல்லை. காப்பியைவிட அதிகமாகத் தண்ணீரில் கரையும். டிகாஷன் கொழகொழவென்று கறுப்பாக இறங்குவது பாதி இவர் தயவு. மேல்நாட்டுச் செய்முறை எழுதுகிறவர்கள் சிக்கரியைக் கலப்படம் என்றே நினைப்பார்கள். பிரௌனிக்கு அது பாதகம் இல்லை என்பது என் கட்சி. நிறமும் கருகல் இனிப்பும் கூடும். காப்பிக்கே உரிய கந்தக வாசனை குறையும். சாக்லேட்டைத் தூக்கிக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் 70-க்கு 30 கலவை போதும். மோக்கா வேண்டும் என்கிறவர்கள் சிக்கரி இல்லாத தூளைத் தேட வேண்டும்.

இனி தண்ணீர்.

18 செ.மீ. சதுர டின்னுக்கு ஓர் அளவு வைத்துக்கொள்வோம். டார்க் சாக்லேட் 150 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 180 கிராம், முட்டை 2, மைதா 70 கிராம், கோகோத் தூள் 20 கிராம், கால் டீஸ்பூன் உப்பு. பேக்கிங் பவுடர் இல்லை, பால் இல்லை, தண்ணீர் இல்லை. ஆனால் தண்ணீர் இருக்கிறது, ஒளிந்துகொண்டிருக்கிறது. ஓடு நீக்கிய நம்மூர் முட்டை ஒன்று 48 கிராம் அளவில் இருக்கும். அதில் முக்கால் பங்கு தண்ணீர். இரண்டு முட்டைக்கு 72 கிராம். வெண்ணெயில் 80 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பு, சுமார் 16 விழுக்காடு தண்ணீர். 100 கிராம் வெண்ணெய்க்கு 16 கிராம். மொத்தம் 88.

இப்போது சர்க்கரையைப் பாருங்கள். அறைச்சூட்டில் 100 கிராம் தண்ணீர் சுமார் 200 கிராம் சர்க்கரையைக் கரைக்கும். அதற்கு மேல் போட்டால் அடியில் நிற்கும். 88 கிராம் தண்ணீர் 176 கிராமைக் கரைக்கும். நாம் போட்டிருப்பது 180. அதாவது மாவில் உள்ள தண்ணீர் அத்தனையையும் சர்க்கரையே வளைத்துப் போட்டுவிடுகிறது. மைதாவுக்குக் கிடைப்பது எச்சம் சொச்சம்.

நல்ல பிரௌனியின் பதம் முழுக்க இந்தத் தட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. மைதாவின் புரதம் குளூட்டன் வலையாகப் பின்னிக்கொள்ளத் தண்ணீர் வேண்டும்; கிடைக்காததால் வலை பின்னாது, பிரௌனி ரொட்டி போல் இழுபடாது. மாவுச்சத்து ஊதி வெந்து பசையாகவும் தண்ணீர் வேண்டும். சர்க்கரைப் பாகு நடுவே அது ஊதத் தொடங்கும் சூடு 60-களிலிருந்து 90-ஐ நோக்கித் தள்ளிப்போகிறது. அடுப்பிலிருந்து எடுக்கும்போது நிறைய மாவுமணிகள் அரைவேக்காட்டிலேயே நிற்கும். திருநெல்வேலி அல்வா இதற்கு நேர் எதிர்: கோதுமைப் பாலில் தண்ணீர் தாராளம், மணிக்கணக்கில் கிண்டிக் கிண்டி மாவுச்சத்தை முழுசாக வேகவிட்டு, அதன் பிறகுதான் தண்ணீரை விரட்டுகிறோம். பிரௌனியில் அந்த வேலையைத் தொடங்கவே விடுவதில்லை. அதை நிற்கவைப்பது முட்டைப் புரதம் இறுகுவதும், ஆறிய பிறகு சாக்லேட்டின் கொழுப்பு உறைவதும்.

இந்த ஏற்பாட்டுக்குள் 100 மில்லி டிகாஷனை ஊற்றினால் தண்ணீர் இரட்டிப்புக்கு மேல் போய்விடும். மைதாவுக்கு விருந்துதான். வலை பின்னும், மாவு வேகும், நீராவி எழும்பும், பிரௌனி பஞ்சாகிவிடும். சாக்லேட் கேக் செய்முறைகளில் ஒரு கப் சூடான காப்பி ஊற்றச் சொல்வதும் இதே காரணத்தால்தான்; அங்கே பஞ்சுதான் வேண்டும்.

டிகாஷனை விட மனம் வராதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வெண்ணெய்க்குப் பதில் நெய். நெய்யில் தண்ணீர் கிட்டத்தட்டக் கிடையாது. 100 கிராம் வெண்ணெயின் இடத்தில் 82 கிராம் நெய்யை வைத்தால் கொழுப்பு சரியாகிவிடும், 16 கிராம் தண்ணீர் குறையும். அந்த இடம் டிகாஷனுக்கு. ஒரு மேசைக்கரண்டி, 15 மில்லி. அவ்வளவுதான் இந்தப் பண்டம் தாங்கும் டிகாஷன். அதனால் அது காலையில் இறங்கிய முதல் டிகாஷனாக இருக்க வேண்டும். தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கிய இரண்டாம் டிகாஷனுக்கு இங்கே வேலையில்லை. நெய் சேர்வதில் இன்னொரு லாபமும் உண்டு. கசடு சிவக்கக் காய்ச்சிய நெய்யில் ஏற்கெனவே மயார் வாசனை இறங்கியிருக்கும், சாக்லேட்டோடு அது நன்றாகவே ஒட்டிப்போகிறது.

ஆனால் இந்த ஒரு கரண்டியை எங்கே ஊற்றுகிறோம் என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. உருகிய சாக்லேட்டில் ஊற்றக் கூடாது. சாக்லேட் என்பது கோகோ வெண்ணெயில் மிதக்கும் சர்க்கரைத் துகளும் கோகோத் துகளும். தண்ணீர் அதில் 1 விழுக்காடு அளவுதான். அதற்குள் கொஞ்சம் தண்ணீர் விழுந்தால் சர்க்கரைத் துகள்கள் மேற்பரப்பு நனைந்து பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பளபளவென்று வழிந்த சாக்லேட் கண்ணெதிரில் கட்டி தட்டி, ஈரச் செம்மண் போலாகிவிடும். விசித்திரம் என்னவென்றால் இன்னும் நிறைய தண்ணீர் ஊற்றினால் மறுபடி இளகும். சர்க்கரை கரைந்து பாகாகி, கொழுப்பு அதில் துளித்துளியாகப் பிரிந்து நிற்கும். 50 கிராம் டார்க் சாக்லேட்டுக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீராவது இருந்தால் கட்டி தட்டாது. நம் 150 கிராமுக்கு மூன்று கரண்டி வேண்டும். நம்மிடம் இருப்பதோ ஒன்று. அதனால் டிகாஷன் முட்டையோடு சேர வேண்டும். முட்டையில் தண்ணீர் ஏற்கெனவே இருக்கிறது, ஒரு கரண்டி கூடினால் அதற்குத் தெரியாது.

குற்றாலப் பக்கத்தில் இந்த ஆபத்து ஆனி, ஆடியில் கூடுதல். சீசனில் துணியே காயாது. கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தின் விளிம்பில் எப்போதும் ஈரம் இருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சாக்லேட்டைச் சாரல் காற்றில் வைத்தால் இரண்டே நிமிடத்தில் மேலே பனித்துவிடும். அதை அப்படியே உருக்கினால் மேலே சொன்ன செம்மண் கதைதான். பாக்கெட்டோடு வெளியே வைத்து, அறைச்சூட்டுக்கு வந்த பிறகு பிரிக்க வேண்டும். டபுள் பாய்லரில் உருக்குகிறவர்கள் மேல்பாத்திரம் கீழ்ப்பாத்திரத்தைவிட அகலமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் ஆவி சுற்றி வந்து உள்ளே இறங்காது. வெண்ணெயையோ நெய்யையோ சாக்லேட்டோடு சேர்த்தே உருக்கிவிடுவது இன்னும் பத்திரம். கொழுப்பு கூடினால் துகள்கள் எளிதில் ஒட்டாது.

சித்திரை, வைகாசியில் பிரச்சினை வேறு. கோகோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகும். கடைச் சாக்லேட் ஐந்தாம் வடிவத்தில் பதப்படுத்தப்பட்டது, 34 செல்சியஸ் அளவில் உருகும். அதனால்தான் கையில் கெட்டியாகவும் வாயில் கரைவதாகவும் இருக்கிறது. தென்காசி வெயிலில் பாக்கெட்டுக்குள்ளேயே உருகி மறுபடி உறையும்போது மேலே சாம்பல் பூத்தது போல் வெள்ளை படரும். பூஞ்சை என்று தூக்கிப் போட வேண்டாம். கொழுப்பு வேறு வடிவத்தில் மேலே வந்து உறைந்திருக்கிறது, அவ்வளவுதான். சாப்பிடச் சுகமில்லை, பிரௌனிக்குத் தாராளமாக ஆகும்; எப்படியும் உருக்கத்தானே போகிறோம். கடையில் ‘டார்க் காம்பவுண்ட்’ என்று கேட்டு வாங்குவது வேறு சரக்கு. அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் பனைக்கொட்டைக் கொழுப்பு போன்ற வேறு தாவரக் கொழுப்பு. விலை குறைவு, வெயில் தாங்கும், கேக் மேல் பூச வசதி. பிரௌனியில் போட்டால் ஆறிய பிறகு நாக்கில் மெழுகு படிந்தது போல் இருக்கும். அதில் எத்தனை நல்ல காப்பியைக் கொட்டினாலும் வீண்.

இன்ஸ்டன்ட் காப்பித் தூளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பலர் கோபித்துக்கொள்வார்கள். டிகாஷனிலிருந்து தண்ணீரை எடுத்துவிட்டால் மிஞ்சுவதுதான் அது. நீர்க்கணக்கு உதைக்காமல் காப்பியைச் சேர்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. இரண்டு டீஸ்பூன், ஏறக்குறைய 4 கிராம் போதும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: அது தண்ணீரில் கரையும், நெய்யில் கரையாது. உருகிய கொழுப்பில் தூவினால் நறநறவென்று அப்படியே நிற்கும். இதையும் முட்டையில்தான் சேர்க்க வேண்டும். ஃபில்டர் தூளை நேராக மாவில் கலப்பவர்களும் இருக்கிறார்கள். வறுத்த கொட்டையின் நார்ச்சத்து எந்தத் தண்ணீரிலும் கரையாது. கடைசி வாய் வரை பல்லில் மண் போல் அகப்படும்.

மூன்றாவது வழி, எனக்குப் பிடித்தது: வறுத்த கொட்டையை ஒன்றிரண்டாகத் தட்டி, உருக்கிய நெய்யில் போட்டு, சிம்மில் அரை மணி நேரம் கொதிக்காமல் வைத்து வடிகட்டிவிடுவது. வாசனை மூலக்கூறுகளில் பல கொழுப்பில் நன்றாகக் கரைபவை, அதனால் அவை நெய்க்கு மாறிவிடும். கசப்பும் காஃபீனும் தண்ணீரையே விரும்புபவை, பெரும்பகுதி கொட்டையிலேயே தங்கிவிடும். ராத்திரி பிள்ளைகளுக்குக் கொடுக்க யோசிப்பவர்களுக்கு இது உதவும். இன்ஸ்டன்ட் தூளிலும் பயப்பட அதிகம் இல்லை. 4 கிராமில் சுமார் 100 மில்லிகிராம் காஃபீன் இருக்கலாம். 16 துண்டு போட்டால் துண்டுக்கு ஆறேழு மில்லிகிராம், சாக்லேட்டில் இருப்பது தனி. வீட்டு நாய்க்கு மட்டும் ஒரு விள்ளல்கூடக் கூடாது. தியோபுரோமினை அதன் உடல் மெதுவாகத்தான் வெளியேற்றும், விஷமாகிவிடும்.

பிரௌனியின் மேலே கண்ணாடித்தாள் போல் பளபளத்து வெடித்து நிற்கும் மெல்லிய ஓட்டுக்கு ஆசைப்படாதவர் இல்லை. அது வருவது சர்க்கரையிலிருந்து. முட்டையின் தண்ணீரில் சர்க்கரை முழுதாகக் கரைந்து, முட்டைப் புரதத்தோடு மெல்லிய படலமாக மேலே ஒதுங்கி, அடுப்பின் வறண்ட சூட்டில் உடனே காய வேண்டும். அடியிலுள்ள மாவு பிறகு உப்பும்போது காய்ந்த படலம் விரிசல் விடும். நம் கடைச் சர்க்கரை கல்கல்லாகப் பெருசாக இருப்பது இதற்குப் பெரிய இடைஞ்சல். முட்டையோடு எத்தனை நேரம் அடித்தாலும் கொஞ்சம் அடியில் நிற்கும். மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டுப் பொடித்துக்கொண்டு, முட்டை, காப்பி, உப்பு எல்லாவற்றையும் சேர்த்து நாலைந்து நிமிடம் அடியுங்கள். கரண்டியைத் தூக்கினால் வெளுத்த நாடாவாக விழ வேண்டும். இரண்டு விரலுக்கு நடுவே ஒரு சொட்டைத் தேய்த்துப் பாருங்கள், நெருநெருப்பு இருந்தால் இன்னும் அடிக்க வேண்டும். அதன் பிறகு இளஞ்சூட்டில் இருக்கும் சாக்லேட்டை ஊற்றி, சலித்த மைதாவையும் கோகோவையும் போட்டு, வெள்ளை மறையும் வரை மட்டும் புரட்ட வேண்டும்.

முட்டை சேர்க்காத வீடுகளில் இந்த ஓடு எளிதில் வராது. தயிரும் கண்டென்ஸ்டு மில்க்கும் நல்ல ருசி தரும், படலம் தராது. 2014-இல் பிரான்ஸில் ஜோயல் ரோசல் என்பவர் பயறு வேகவைத்த தண்ணீரை முட்டை வெள்ளைக்கரு போல் அடித்து நுரைக்கவைக்கலாம் என்று காட்டினார். கொண்டைக்கடலைத் தண்ணீர் அதற்கு நன்றாக உதவும். அதிலுள்ள புரதமும் சப்போனினும் நுரையைப் பிடித்துக்கொள்ளும். சுண்டலுக்கு வேகவைத்த அன்று அந்தத் தண்ணீரை, உப்புப் போடுவதற்கு முன்னால் எடுத்து, பாதியாகச் சுண்டக் காய்ச்சி வைத்துக்கொண்டால் முயன்று பார்க்கலாம்.

ஓடிஜி மின் அடுப்பில் 170 செல்சியஸ், 22 முதல் 25 நிமிடம். கறுப்புப் பண்டமாதலால் நிறத்தைப் பார்த்துப் பதம் சொல்ல முடியாது. குச்சியை விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளிக் குத்தினால் ஈரப் பொடி ஒட்டி வர வேண்டும். மாவாக வழிந்தால் வேகவில்லை. சுத்தமாக வந்தால் எல்லை தாண்டிவிட்டது, வெளியே எடுத்த பிறகும் டின் சூட்டில் இன்னும் வேகும். குக்கரில் செய்பவர்கள் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பு பரப்பி, ஸ்டாண்டு வைத்து, சிறு தீயில் முக்கால் மணி அளவில் எடுக்கிறார்கள். வேகும், ருசிக்கும். ஆனால் சூடு கீழிருந்தே வருகிறது, மாவிலிருந்து எழும்பும் ஆவியும் மூடிக்கு அடியில் சுற்றுகிறது. மேல்படலம் காய வழி இல்லை. ஓடு வராததற்குச் செய்முறையைக் குறை சொல்லிப் பயனில்லை.

கோகோத் தூளில் இரண்டு ஜாதி உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரணத் தூள் சற்றுப் புளிப்பு. ‘டச்சு’ முறைத் தூள் காரத்தில் பதப்படுத்தியது, புளிப்பு போய்க் கறுத்திருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமின் வான் ஹவுட்டன் குடும்பம் கொண்டுவந்த முறை. பேக்கிங் சோடா போடும் கேக்கில் இந்த வித்தியாசம் பெரிது, சோடாவுக்கு அமிலம் வேண்டும். நம் பிரௌனியில் சோடாவே இல்லாததால் எதையும் போடலாம். காப்பியும் கொஞ்சம் புளிப்பானது என்பதால் டச்சுத் தூளோடு அது இன்னும் நயமாகச் சேர்கிறது. பிரௌனியின் பூர்வீகம் அமெரிக்கா. சிகாகோவின் பால்மர் ஹவுஸ் ஹோட்டல் 1893-இல் தாங்களே செய்தோம் என்று உரிமை கொண்டாடுகிறது; ஃபேனி ஃபார்மரின் சமையல் புத்தகத்தில் 1906 பதிப்பில் சாக்லேட் பிரௌனி அச்சில் இருக்கிறது.

வெந்ததும் வெட்டாமல் இருப்பது பெரிய தவம். சூட்டில் கோகோ வெண்ணெய் திரவமாக இருக்கும், கத்தியோடு எல்லாம் இழுத்துக்கொண்டு வரும். முழுசாக ஆற இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்; மறுநாள் இன்னும் இறுகி, வாசனையும் ஒன்றுகூடிவிடும். கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு வெட்டினால் ஓரம் நேராக வரும். மேல் ஓடு கிட்டத்தட்டச் சுத்தமான சர்க்கரை, காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் குற்றால சீசனிலும் திறந்து வைத்தால் மாலைக்குள் பளபளப்பு போய் ஒட்ட ஆரம்பிக்கும். ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில், அடுக்குக்கு நடுவே பட்டர் பேப்பர் போட்டு வைத்தால் மூன்று நாள் தாங்கும். ஓடு நமத்துவிட்டால் ஓடிஜியை 150-க்குச் சூடாக்கி ஐந்து நிமிடம் உள்ளே வைத்து, வெளியே எடுத்துக் கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் மறுபடி மொறுமொறுக்கும்.